சினம் காத்த செம்மல்

கடுகடுப்பு, சிடுசிடுப்பு என்னும் சொற்களுக்கு எதிர்ச்சொற்கள் யாவை என்று வினவினால், இனிமை, சாந்தம், பொறுமை, இன்முகம் எனப் பல சொற்களை நாம் எளிதில் அடுக்கிவிடுவோம். சொற்களை அடுக்குதல் எளிது. அவற்றின்படி ஒழுகுதல் அரிது. இயல்பாகவே சினம் எழாதவன் சாந்தமாக இருப்பதில் பெருவியப்பு ஒன்றுமில்லை. உள்ளத்தில் சினத்தீ விரைந்து மூளும் இயல்பினன், அதனை அடக்கி, எல்லாரிடத்தும் இன்முகமும் இன்சொல்லும் காட்டி வாழ்வானாயின், அதுவே வியத்தற்குரியது. அங்ஙனம் வாழ்ந்து காட்டியவர் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி ஆவார். மின்னாக்கப் பொறிக்கு வழிகாட்டியவர் என்று உலகம் அவரைப் போற்றுகின்றது. அவர் தம்மைத் தாமே வென்ற வரலாறும் அதற்குக் குறைந்த பெருமை உடையதன்று.

இளமை

பாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், இலண்டன் மாநகரின் தென்புறத்தே நியூவிங்டன் என்னும் இடத்தில் பிறந்தார். அவர் தந்தையார் ஜேம்ஸ் பாரடே கொல்லுத் தொழில் செய்தவர். உடல்நலம் குன்றியமையால் நாள்தோறும் பட்டறைக்குச் செல்ல இயலாதவர். மக்கள் நால்வருள் மைக்கேல் மூன்றாமவர். வீட்டில் வறுமை நிலைத்திருந்தது. தானிய விலை மிக உயர்ந்திருந்த 1801-ஆம் ஆண்டில், சிறுவர் மைக்கேலுக்கு வாரத்திற்கு ஒரு ரொட்டியே பங்காகக் கிடைத்தது. ஏழு நாளும் அதனைக் கொண்டே அவர் பசியாற வேண்டியிருந்தது. பள்ளியில் எழுத்தும் படிப்பும் சிறிது கணக்கும் கற்றதோடு அவர் கல்வி நின்றது.

வறுமையிலும் அக்குடும்பத்தார் செம்மை குன்றவில்லை. அவர்கள் சாண்டிமன் சபை என்னும் சிறு கிறித்தவச் சபையைச் சார்ந்தவர்கள். பொருளைக் குவித்து வைத்தல் தகாது, உடன்வாழ்வாரோடு ஒற்றுமையாக இருத்தல் வேண்டும் என்பன அச்சபையாரின் கொள்கைகள். இக்கொள்கைகள் பாரடேயின் உள்ளத்தில் இளமையிலேயே வேரூன்றின.

இரு முதலாளிகள்

1804-ஆம் ஆண்டில், ரீபோ என்னும் புத்தக வணிகரிடம் மைக்கேல் ஏவல் வேலைக்குச் சேர்ந்தார். செய்தித்தாள்களை வீடுதோறும் படிக்கக் கொடுத்துப் பின்னர்த் திரும்ப வாங்கி வருவது அவர் வேலை. அடுத்த ஆண்டில் ரீபோ அவரைப் புத்தகம் கட்டும் தொழிலில் பயிற்சி மாணாக்கராக ஏற்றுக்கொண்டார். இவ்வாறு தொழில் பயில்வோர் முதலாளிக்குப் பணம் கட்டுவது அக்கால வழக்கம். ரீபோவோ பையனின் உண்மை உழைப்பைக் கருதி ஒன்றும் பெறவில்லை. கட்டுவதற்கு வந்த நூல்களைப் படிக்கவும் அவர் இசைந்தார். பாரடே, கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரையைப் படித்தார். மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் நூலையும் படித்தார். படித்தவற்றைத் தம் கைக்காசில் வாங்கிய சிறு பொருள்களைக் கொண்டு செய்தும் பார்த்தார்.

ஏழாண்டுப் பயிற்சி 1812-ஆம் ஆண்டில் முடிந்தது. பின்னர் அவர் டி லா ரோச் என்னும் மற்றொருவரிடம் வேலைக்கு அமர்ந்தார். அவரோ எடுத்ததற்கெல்லாம் வெகுளும் இயல்பினர். ரீபோவின் கடையில் மகிழ்ச்சியாகச் செய்த அதே வேலை, இங்குப் பெருஞ்சுமையாயிற்று. முதலாளியின் இன்சொல் வேலையை இனிதாக்கும் என்பதையும், கடுஞ்சொல் அதனைக் கசப்பாக்கும் என்பதையும் பாரடே பட்டறிந்தார்.

ஒரு சண்டையால் கிடைத்த இடம்

அந்நாளில் இலண்டனில் இராயல் இன்ஸ்டிட்யூஷன் என்னும் அறிவியல் நிலையம் புகழ்பெற்று விளங்கியது. அங்கே ஹம்ப்ரி டேவி என்னும் பெரும் வேதியியல் அறிஞர் சொற்பொழிவாற்றி வந்தார். ரீபோவின் கடைக்கு வந்த அன்பர் ஒருவர், டேவியின் சொற்பொழிவுகள் நான்கினைக் கேட்பதற்கு 1812-ஆம் ஆண்டில் பாரடேக்கு அனுமதிச் சீட்டு அளித்தார். பாரடே கேட்டவற்றையெல்லாம் குறிப்பெடுத்து, படங்கள் வரைந்து விரிவாக எழுதி, தம் கையாலேயே அழகிய புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். அறிவியற்பணியில் தமக்கு ஓர் இடம் வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். டேவி அன்புடன் அவரை அழைத்துப் பேசினார். ஆயினும் இடம் ஒன்றும் அப்போது இல்லாமையால், புத்தகம் கட்டும் தொழிலையே தொடர்க என்று அறிவுரை கூறி அனுப்பினார்.

சில நாள்களில் எதிர்பாராதது நிகழ்ந்தது. அந்நிலையத்தின் ஆய்வுக்கூட உதவியாளர், கருவிகள் செய்பவர் ஒருவரோடு சண்டையிட்டு அடித்துவிட்டார். அதனால் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். டேவி பாரடேயை நினைவுகூர்ந்து அழைத்தார். 1813-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள், வாரம் 25 ஷில்லிங் சம்பளத்தில் பாரடே அவ்வேலையில் அமர்ந்தார். தங்குவதற்கு நிலையத்தின் மேல்மாடியில் இரண்டு அறைகளும் கிடைத்தன. ஒருவர் ஒரு நொடிப்பொழுதுச் சினத்தால் இழந்த இடம், மற்றொருவருக்கு வாழ்நாள் முழுவதும் நிலைத்த இடமாயிற்று.

அவமதிப்பும் பொறுமையும்

அதே ஆண்டு அக்டோபர்த் திங்களில் டேவி தம் மனைவியோடு ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டார். பாரடேயும் உதவியாளராக உடன் சென்றார். டேவியின் பணியாள் கடைசி நேரத்தில் வர மறுத்துவிட்டமையால், அவன் செய்ய வேண்டிய வேலைகளும் பாரடேயின்மேல் விழுந்தன. டேவியின் மனைவியார் செல்வமும் செருக்கும் உடையவர். அவர் பாரடேயை ஓர் ஏவலாளாகவே நடத்தினார். அவர் தாழ்நிலையைப் பலகாலும் உணர்த்தினார். இளைஞரின் உள்ளம் கொதித்தது. ஊருக்கே திரும்பிவிடலாமா என்றும் அவர் எண்ணினார். தம் துன்பத்தை நண்பர் ஆபட்டுக்குக் கடிதங்களில் எழுதி ஓரளவு ஆறுதல் பெற்றார்.

எனினும் அவர் திரும்பவில்லை. சினந்து திரும்பியிருந்தால் அவர் இழந்திருக்கக்கூடியவை பல. அப்பயணத்தில் அவர் பாரிசில் ஆம்பியர் போன்ற அறிஞர்களைக் கண்டார்; மிலானில் மின்கலத்தைக் கண்டுபிடித்த வோல்ட்டாவைக் கண்டார்; பிளாரென்சு நகரில் பெரிய ஆடி ஒன்றால் கதிரவன் ஒளியைக் குவித்து வைரத்தை எரித்த சோதனையில் டேவிக்குத் துணை நின்றார்; பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளையும் கற்றார். 1815-ஆம் ஆண்டில் அவர் இலண்டனுக்குத் திரும்பியபோது, பல்கலைக்கழகத்தில் பயின்றாரினும் மிகுந்த அறிவு பெற்றிருந்தார். அவமதிப்பைப் பொறுத்ததற்கு அவர் அடைந்த ஊதியம் அது.

பழியும் பண்பும்

அதனினும் கடிய சோதனை ஒன்று பின்னர் வந்தது. மின்சாரம் ஓடும் கம்பி காந்த ஊசியை அசைக்கும் என்பதை டென்மார்க்கு நாட்டு எர்ஸ்டெட் என்பவர் 1820-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். இதனைக் கொண்டு கம்பியைச் சுழலச் செய்யலாம் என வொல்லாஸ்டன் என்னும் அறிஞர் கருதினார். அவரும் டேவியும் முயன்றும் அது கைகூடவில்லை. 1821-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பாரடே வேறு ஒரு முறையில், காந்தத்தைச் சுற்றிக் கம்பி சுழலுமாறு செய்து வெற்றி கண்டார். இன்றைய மின்னோடிகளுக்கெல்லாம் மூலம் அதுவே. ஆனால் அவர் வெளியிட்ட கட்டுரையில் வொல்லாஸ்டனின் பெயர் இடம்பெறவில்லை. உடனே, பிறர் கருத்தைத் திருடிக்கொண்டார் என்ற பழிமொழி இலண்டனில் பரவியது.

நேர்மையே உயிரெனக் கொண்டவருக்கு இதனினும் பெரிய துன்பம் யாது? பாரடே பழித்தாரைப் பழிக்கவில்லை. நேரே வொல்லாஸ்டனுக்கே கடிதம் எழுதி, தம்மால் தீங்கு ஏதும் நேர்ந்திருப்பின் அறிந்து அதனைத் திருத்திக்கொள்ள விரும்புவதாகத் தெரிவித்து, அவரைக் காண வேண்டினார். வொல்லாஸ்டனும் பெருந்தன்மை உடையவர். அவர் மனத்தாங்கல் கொள்ளாமல் பாரடேயோடு அன்புடன் பழகினார். பிறகு ஆய்வுக்கூடத்திற்கே வந்து அச்சோதனையைக் கண்டார்.

பாரடேயை இராயல் சங்கத்தின் உறுப்பினராக்க அன்பர் சிலர் 1823-ஆம் ஆண்டில் முயன்றனர். அச்சங்கத்திற்கு அப்போது தலைவர் டேவியே. கைதூக்கிவிட்ட அவரே இப்போது அம்முயற்சியை எதிர்த்தார். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுமாறு அவர் பாரடேயிடம் கேட்டார். அதனைத் தாம் அளிக்கவில்லை, முன்மொழிந்தவர்களே அளித்தனர், ஆதலால் திரும்பப் பெறுதல் தமக்கு உரியதன்று என்று பாரடே அமைதியாக விடை கூறினார். 1824-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. எதிராக ஒரே ஒரு வாக்கு விழுந்தது, பாரடே உறுப்பினரானார்.

இந்நிகழ்ச்சியால் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இருந்த பழைய நெருக்கம் குறைந்தது. ஆயினும், டேவி வாழ்ந்தபோதும் மறைந்த பின்னரும், பாரடே அவரை நன்றியோடும் மதிப்போடுமே குறிப்பிட்டு வந்தார். தமக்கு வாயில் திறந்த கையை அவர் நினைவில் வைத்தார். அவ்வாயிலை அடைக்க முயன்ற கையை மறந்தார்.

உடன் உழைத்தாரிடம் அன்பு

1831-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29-ஆம் நாள் பாரடேயின் வாழ்வில் மட்டுமன்றி உலக வரலாற்றிலும் ஒரு நன்னாளாகும். இரும்பு வளையம் ஒன்றில் இரண்டு கம்பிச் சுருள்களைத் தனித்தனியே சுற்றி, ஒன்றில் மின்சாரத்தைச் செலுத்தியபோதும் நிறுத்தியபோதும் மற்றொன்றில் நொடிப்பொழுது மின்சாரம் தோன்றுவதை அவர் கண்டார். பின்னர், கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தும் வெளியே இழுத்தும் மின்சாரத்தை உண்டாக்கினார். பெரிய காந்தத்தின் முனைகளுக்கிடையே செப்புத் தட்டைச் சுழற்றித் தொடர்ந்து ஓடும் மின்சாரத்தையும் பெற்றார். நீர்வீழ்ச்சியும் நீராவியும் பொறிகளைச் சுழற்றி மின்சாரம் தருவது இவ்வுண்மையினாலேயே ஆகும்.

இத்தகைய புகழ் எய்திய பின்னும் அவர் நடையில் செருக்குத் தோன்றவில்லை. அவருடைய உதவியாளராக ஆண்டர்சன் என்னும் பழைய போர்வீரர் நெடுங்காலம் பணியாற்றினார். ஒருமுறை, மாலையில் வீட்டிற்குச் செல்லலாம் என்று கூற பாரடே மறந்துவிட்டதாகவும், மறுநாட் காலையில் அவர் வந்து பார்த்தபோது ஆண்டர்சன் உலைக்கு நெருப்பு மூட்டிக்கொண்டே இருந்ததாகவும் கூறுவர். பாரடே தம் ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றில், அவ்வுதவியாளரின் கவனத்தையும் உண்மை உழைப்பையும் பாராட்டி எழுதினார். ஏவலாளாக நடத்தப்பட்டு வருந்திய ஒருவர், தமக்குக் கீழ்ப் பணியாற்றியவரை நடத்திய முறை அது.

பிறர் தம் குற்றத்தை எடுத்துரைப்பதையும் அவர் விரும்பி ஏற்றார். தம் சொற்பொழிவுகளில் காணும் குறைகளைக் குறித்துச் சொல்லுமாறு மக்ராத் என்னும் நண்பரை அவரே வேண்டிக்கொண்டார். விரைந்து பேசும் குறையை நீக்குவதற்காக, மெதுவாகப் பேசுமாறு நினைவூட்டும் அட்டை ஒன்றினைத் தம் முன்னே வைத்துக்கொண்டு பேசுவார். குறை கூறுவாரைக் கண்டு முகம் சுளிக்கும் மனிதர் நடுவே, குறை காண ஒருவரைத் தேடி வைத்துக்கொண்டவர் அவர்.

சாந்தம் கோழைமை அன்று

பொறுமை உடையவர் எதற்கும் தலைவணங்குவர் என்று சிலர் எண்ணுவர். அது தவறு என்பதற்குப் பாரடேயின் வாழ்விலேயே சான்று உண்டு. 1835-ஆம் ஆண்டில் அவருக்கு ஆண்டுதோறும் அரசாங்க உதவித்தொகை அளிப்பதைக் குறித்துப் பேச, முதலமைச்சர் மெல்பர்ன் பிரபு அவரை அழைத்தார். பேச்சினிடையே, அறிஞர்களுக்கும் புலவர்களுக்கும் இவ்வாறு தொகை அளிப்பதே ஒரு பெரும் பித்தலாட்டம் என்னும் பொருள்பட அவர் கூறிவிட்டார். பாரடே அங்கே குரலை உயர்த்தவில்லை, வாதாடவும் இல்லை. விடைபெற்று வந்து, அத்தொகை தமக்கு வேண்டா என்று சில வரிகள் எழுதி, அன்றே முதலமைச்சரின் அலுவலகத்தில் சேர்ப்பித்துவிட்டார்.

பெருமாட்டி ஒருவர் இடையிட்டுச் சமாதானம் செய்ய முயன்றார். முதலமைச்சர் எழுத்து வாயிலாக வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று பாரடே தம் நிலையைத் தெளிவாகக் கூறினார். மெல்பர்ன் பிரபுவும் பெருந்தன்மையோடு வருத்தம் தெரிவித்து எழுதினார். அதன் பின்னரே, ஆண்டுக்கு 300 பவுன் தொகையைப் பாரடே ஏற்றார். ஒரு கடுஞ்சொல்லும் இன்றி அவர் தம் மானத்தைக் காத்துக்கொண்டார்.

1853-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு விந்தையான பழக்கம் பரவியிருந்தது. பலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து அதன்மேல் கைகளை வைப்பர், மேசை நகரும், ஆவிகளே நகர்த்துகின்றன என நம்புவர். பாரடே அவர்களைப் பொய்யர் என்று ஏசவில்லை. பேதையர் என்று எள்ளவும் இல்லை. கைகளுக்கும் மேசைக்கும் இடையே நகரக்கூடிய அட்டைகளை வைத்து, எது முதலில் நகர்கின்றது என்று ஆராய்ந்தார். மேசைக்கு முன்னே கைகளே நகர்கின்றன என்பது தெளிவாயிற்று. கைகளின் அழுத்தத்தைக் காட்டும் முள் ஒன்றை அவர்கள் காணுமாறு அமைத்தபோது, மேசை அசையவே இல்லை. நேர்மையானவர்களும் தம்மை அறியாமலே மேசையைத் தள்ளுகின்றனர் என்று அவர் விளக்கினார். எவரையும் புண்படுத்தாமல் உண்மையை நிலைநாட்டிய திறம் அது.

இனிமையின் மறைபொருள்

பாரடேயின் சாந்தம் பிறவிக் குணமா? அன்று என்கிறார், அவரோடு நெருங்கிப் பழகிய டிண்டல் என்னும் விஞ்ஞானி. பாரடேயின் இனிமைக்கு அடியில் எரிமலைபோன்ற வெப்பம் மறைந்திருந்தது என்றும், தன்னடக்கத்தால் அவர் அவ்வெப்பத்தை வீணாக வெளிப்பட விடாமல், வாழ்வை இயக்கும் ஆற்றலாக மாற்றிக்கொண்டார் என்றும் அவர் எழுதியிருக்கின்றார்.

அம்மாற்றத்தை அடைந்த வழியைப் பாரடே டிண்டலுக்கே ஒருமுறை தெரிவித்தார். 1855-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் நடந்த அறிவியல் மாநாட்டில், டிண்டல் சிலரோடு கடுமையாக வாதிட நேர்ந்தது. வயது முதிர்ந்த பாரடே அவருக்கு அன்போடு ஒரு கடிதம் எழுதினார். இளமையில் தாமும் பிறர் கருத்தைப் பலமுறை தவறாகக் கொண்டதுண்டு என்றார். பிறர் சொல்லில் பகைமை இருப்பதுபோல் தோன்றினால், அதனை உணர்வதில் மந்தமாக இருத்தல் நன்று. அன்பு இருப்பதுபோல் தோன்றினால், அதனை உணர்வதில் விரைவாக இருத்தல் நன்று என்பதே அவருடைய அறிவுரையின் சாரம். அதனைப் பின்பற்றுவதற்குப் பெரும் படிப்பு வேண்டுவதில்லை. ஒரு நொடி பொறுத்திருக்கும் உறுதியே வேண்டும்.

குழந்தைகளின் நண்பர்

பாரடே 1821-ஆம் ஆண்டில் சாரா பார்னார்டு என்னும் நங்கையை மணந்தார். இல்லறம் அன்பில் சிறந்து விளங்கியது. மக்கட்பேறு மட்டும் இல்லை. ஆயினும் ஊர்க் குழந்தைகளெல்லாம் அவருக்குத் தம் குழந்தைகளே. கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர் சிறுமியருக்காக அவர் 1827-ஆம் ஆண்டு தொடங்கி 1860-ஆம் ஆண்டுவரை 19 சொற்பொழிவுத் தொடர்கள் நிகழ்த்தினார். ஒரு மெழுகுவத்தி எரிவதைக் காட்டியே வேதியியலின் பேருண்மைகளை அவர் விளக்கிய சொற்பொழிவுகள், பின்னர் நூலாக வெளிவந்து உலகெங்கும் பயிலப்பட்டன.

பட்டமும் பதவியும் அவரைத் தேடி வந்தன. இராயல் சங்கத்தின் தலைமையை ஏற்குமாறு அறிஞர்கள் வேண்டினர். தாம் இறுதிவரை வெறும் மைக்கேல் பாரடேயாகவே இருக்க விரும்புவதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். முதுமையில் நினைவாற்றல் குன்றி அவர் வருந்தினார். 1858-ஆம் ஆண்டில் விக்டோரியா அரசியார் ஹாம்ப்டன் கோர்ட்டில் அவர் வாழ்வதற்கு ஒரு வீடு அளித்தார். அங்கே 1867-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25-ஆம் நாள், தம் நாற்காலியில் அமர்ந்தவாறே அவர் அமைதியாக உயிர் நீத்தார். அவர் விருப்பப்படி ஆரவாரம் ஏதுமின்றி ஹைகேட் இடுகாட்டில் அவருடல் அடக்கம் செய்யப்பட்டது.

காட்டில் பரவும் தீ மரங்களை அழிக்கும்; அதே தீ அடுப்பில் நின்றால் உணவு சமைக்கும்; உலையில் நின்றால் பொறியை இயக்கும். தீ ஒன்றே, நிற்கும் இடமே வேறு. பாரடேயின் உள்ளத்தில் இருந்த தீ, பிறரைச் சுடாமல் ஆராய்ச்சிக்கு ஒளியாயிற்று. சிடுசிடுப்புக்கு எதிர்ச்சொல் யாது என்று தேடும் மாணவர், அகராதியைப் புரட்டுவதோடு நில்லாமல் அவர் வாழ்க்கையையும் படித்தல் வேண்டும். சினம் எழும்போது ஒரு நொடி பொறுத்தலும், அன்பு தோன்றும்போது உடனே அதனை ஏற்றலும் நம் அனைவராலும் இயலும். அப்பழக்கத்தை இளமையிலேயே தொடங்குவோமாக.